கடலைமிட்டாய்ப் பொட்டலம்

டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு முதலில் நன்றி, ஐயா. ஸ்டேஷனில் இவ்வளவு கவனிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்பளக் கம்பெனி வேனை முப்பது வருஷம் ஓட்டியவன் நான். சேரன்மகாதேவியில் பெண்களை ஏற்றிக் கல்லிடைக்குறிச்சியில் இறக்குவேன். என் ஹாரன் கேட்டால் ரோட்டில் படுத்திருக்கும் எருமை எழுந்து, வாலால் வழிகாட்டிவிட்டுத்தான் ஒதுங்கும். சந்தேகமிருந்தால் எருமையைக் கேளுங்கள். போன வருஷம் டாக்டர் எனக்கு இன்சுலின் எழுதினார். முதலாளி காந்திமதிநாதன் கூப்பிட்டுவிட்டார்.

"வே சிவசண்முகம், ஊசி போடுத ஆளு நம்ம வண்டிய ஓட்டக் கூடாதுவே. பதினாலு பொம்பளையளு உசிரு. இனிமே கேட்ல உக்காரும்."

நியாயமான பேச்சு. சாவியைப் புது டிரைவர் முத்துமாலையிடம் கொடுத்தேன்.

ஒருநாள் கம்பெனிக் கக்கூஸுக்குப் பின்னால் முத்துமாலை தன் வயிற்றில் இன்சுலின் ஊசி ஏற்றுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அண்ணாச்சி, மொதலாளிட்ட சொல்லிராதிய. ரெண்டு பிள்ளைய படிக்குது. இந்த வேல போச்சுன்னா நான் எங்கன போவேன்?"

நான் சொல்லவில்லை. காட்டிக்கொடுப்பது எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. ஆனால், சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா?

வெள்ளிக்கிழமை அவன் இசக்கியம்மனுக்கு விரதம். காலைச் சாப்பாடு கிடையாது. ஊசி மட்டும் வழக்கம்போல உண்டு. மயக்கம் வந்தால் வாயில் போட, வண்டி டப்பாவில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வைத்திருப்பான்.

"முட்டாய் என்ன சோறா? அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்பான்.

போன வெள்ளிக்கிழமை அவன் கோயில் வாசலில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பொட்டலத்தை எடுத்தேன். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு ஆகாது. ஆற்றில் கொட்டினேன், தாமிரபரணி மீனுக்குச் சர்க்கரை வராது.

தினமும் நானும் அந்த வேனில்தான் வேலைக்குப் போவேன். அன்றைக்கு ஏறவில்லை. அப்பளம் போடும் இசக்கித்தாய் ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, வாங்க. நான் தள்ளி உக்காருதேன்."

"பஸ்ல வாரேன் தாயி. நீ போ."

சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஐயா. முதலில் வேர்க்கும். கை டப்பாவைத் துழாவும். பிறகு ஒரு ரோடு இரண்டாகத் தெரியும். வாய்க்கால் பாலம் வர எப்படியும் அரைமணி நேரமாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருபத்தைந்து நிமிஷத்திலேயே பாலம் வந்துவிட்டது, வண்டி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

முத்துமாலையோடு சேர்த்து ஏழு பேர் போய்விட்டார்கள். இசக்கித்தாயைக் கடைசியில்தான் எடுத்தார்கள். இதையெல்லாம் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, பழைய டிரைவர் காக்கிச்சட்டையைப் போட்டு முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றவன் நான்.

"மிச்சம் எட்டுப் பேரு இருக்காவ மொதலாளி. அவங்களையாவது பத்திரமா கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும்லா" என்றேன்.