நின்றால் கெட்டுப்போகும் வண்டி

அந்தோனியார் மேல் ஆணையாக, இந்த மேசை மேல் வைத்திருக்கும் என் வலது கை மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதுகிறவரைக் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதச் சொல்லுங்கள், ஐயா. கையெழுத்துப் போடுமுன் நான் படித்துப் பார்க்க வேண்டும், கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெயர் சவரிமுத்து. தொழில் டாக்சி டிரைவர். வெளியே வேப்பமரத்து நிழலில் நிற்கிறதே, அதுதான் வண்டி. அறுபத்து நாலாம் வருஷத்து அம்பாசிடர். இங்கே என்னை அழைத்து வர உங்கள் ஜீப் வந்தது, அது கிளம்பவில்லை. ஏட்டையாவையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டி வந்தேன். வழியில் அவர், "இவ்ளோ வருசம் எப்டிய்யா ஒழைக்குது?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான்.

வண்டி ஓடுவதால் கெடுவதில்லை, நிற்பதால்தான் கெடுகிறது. பெரிய மனிதர்கள் வீட்டுக் காரைப் பாருங்கள். காலையில் ஆறிப்போன இன்ஜினை எழுப்பி ஆபீசுக்குப் போவார்கள். சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். மாலையில் மறுபடி அதே கொடுமை. சில வருஷத்தில் புகை கக்க ஆரம்பித்துவிடும். டாக்சிக்கு அந்த நோய் கிடையாது. ஒரு சவாரி இறங்கும்போதே அடுத்தவர் ஏறுவார், இன்ஜினில் ஆயில் ஆறி அடியில் தங்க நேரமே இராது. ஆயிலைக் காலத்தில் மாற்றி, கதவை அறைந்து சாத்துகிறவனைக் கண்டித்து வைத்தால், அது மனிதனைவிட அதிகம் உழைக்கும். மீட்டரில் ஐந்து இலக்கம்தான், நிரம்பினால் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி பிறக்கும். எத்தனை பிறவி எடுத்தது என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு தடவை மலை ஏறும்போது ரேடியேட்டர் வறண்டுபோய், சவாரி வந்த கல்யாணக் கோஷ்டியின் ரசத்தை ஊற்றி வெள்ளிமலை வரைக்கும் போனேன். அதன்பிறகு ரொம்ப நாள், ஜலதோஷத்தோடு ஏறியவர்கள் குணமாகித்தான் இறங்கினார்கள்.

நீங்கள் கேட்டது அதை அல்ல என்று தெரியும். மலைப்பாதையை அகலப்படுத்தத் தோண்டும்போது வளைவில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். வண்டி புரியாவிட்டால் அது புரியாது.

வண்டி அப்போது என் பெயரில் இல்லை. முதலாளி தெய்வசிகாமணி, கள்ளக்குறிச்சிக்காரர். நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் வாடா போடா என்று ஏசியதில்லை. பாசமாக இருக்கும்போதுதான் 'டா' போடுவார். எண்பத்தேழாம் வருஷம் அவருக்கு டீசல் வேன் மேல் ஆசை வந்துவிட்டது. அம்பாசிடரைக் காயலாங்கடை அப்துல் ஜலீல் பாய்க்குப் பேசி முடித்தார். பாய் மேல் எனக்கு வருத்தமே இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஓடிக்கினு கீற வண்டிய எதுக்குங்க வெட்டணும்? பாவமில்லியா?" என்று அவரே கேட்டார்.

"ஓடுதுன்னு பாத்தா முடியுமா பாய். நான்கூடத்தான் ஓடிக்கினு கீறேன். என்ன யாரு வாங்கறாங்க" என்று முதலாளி சிரித்தார்.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. ஏழு நாள். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். கேட்டது நியாயமா இல்லையா என்பது படித்தவர்கள் பேச வேண்டியது. என் கவலை ஒன்றே ஒன்றுதான். ஏழு நாள் வண்டி நிற்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்துவிட்டு எட்டாம் நாள் முனகினால், காயலாங்கடைக்கு அதுவே சாக்காகிவிடும். முதல் சாவியிலேயே கிளம்பினால் பாயின் மனம் இன்னும் இளகும், வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லிவிடுவார். ஆக, அந்த ஏழு நாளும் அதை ஓட்டியாக வேண்டும். மறியலில் எங்கள் பக்கம் ஒரே ஒரு வண்டிக்குத்தான் வழி விட்டார்கள்: பிணம் போகிற வண்டி. கோடாலி பிடித்த கைகூட அதைக் கண்டால் கும்பிட்டு ஒதுங்கும். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

ஆகவே ஒரு பிணம் தேவைப்பட்டது. அவசரத்துக்கு ஊரில் யாரும் சாகவில்லை. கருணாபுரத்தில் ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

மறுநாள் காலை முதலாளி ஷெட்டுக்கு வந்தார். புதிதாக மாட்டியிருந்த சைலன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பழைய ஓட்டை சைலன்சரை மாட்டி ஜலீல் பாய் தலையில் கட்டிவிடலாம் என்றார். இந்த மாதிரி ஏமாற்று வேலை எனக்கு ஆகாது. இருந்தாலும் முதலாளி சொல்லைத் தட்டியதில்லை. பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். அவர் ஸ்பேனரோடு மல்லாந்து அடியில் நுழைந்தார்.

"சவரி, ஜாக்கி கெட்டியா கீதா?"

"கீதுங்க மொதலாளி."

ஜாக்கியின் திருகாணியைத் திருப்பினேன். வண்டி அவசரப்படாமல் இறங்கியது. கரும்பு ஒடிப்பது போல நாலைந்து சத்தம் கேட்டது, பிறகு ஸ்பேனர் தரையில் உருண்டது. மறுபடி தூக்கி, டார்ச் அடித்து அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு நசுங்கல் இல்லை. இந்தக் காலத்து வண்டியாக இருந்தால் செலவு வைத்திருக்கும்.

சக்கரத்தை மாட்டி, முதலாளியைக் கழுவி, பின்சீட்டில் உட்கார வைத்தேன். தாடையைத் துணியால் கட்டி, முகம் மறைய மாலை போட்டேன். தியாகதுருகம் தாண்டியதும் முதல் மரம் கிடந்தது. பூமாலை என்று ஒருவர், தோளில் கோடாலியோடு, அந்த மரமே தன் சொத்து என்பது போல நின்றார்.

"யாருய்யா பின்னால?"

"பொணங்க. மணலூர்பேட்டைக்கு, ஆத்தங்கரைக்குக் கொண்டு போறேன்."

"இன்னாத்துல போனாரு?"

"நெஞ்சுல பாரம்னாரு. அதோட சரி."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"நம்மாளா?"

"உசுரோட இருக்கசொல கேட்டிருந்தா சொல்லியிருப்பாருங்க."

பூமாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிணத்தின் முன்னால் என்பதால் இருமிக்கொண்டார். ஆட்களைக் கூப்பிட்டு மரத்தை ஓரமாகப் புரட்டச் சொன்னார். அவர்கள் புரட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி, "தண்ணி" என்றார்.

"யோவ், பொணம் பேசுது."

"வவுத்துல காத்துங்க. வழியெல்லாம் பேசிக்கினேதான் வருது."

பூமாலை யோசித்தார். "எங்க மாமனாரும் இப்டித்தான். சுடுகாடு போற வரைக்கும் ஏப்பம் வுட்டாரு" என்று சொல்லி வழி விட்டார்.

மணலூர்பேட்டைக்கு முன்னால் ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரம் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. முதலாளிக்கு ஒரு கண் திறந்திருந்தது. "சவரி, வூட்டுக்குப் போலாம்டா" என்றார். தண்ணீர் கொடுத்தேன். தாகம் என்றவருக்கு இல்லை என்று சொல்லும் வளர்ப்பு அல்ல என்னுடையது. குடித்து முடிக்கும் வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு டிக்கியிலிருந்து, இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டிங் ராடை எடுத்தேன். முதல் அடி காதுக்கு மேலே. அவர் கையைத் தூக்கினார், அதனால் அடுத்த அடி விரல்களோடு சேர்ந்து விழுந்தது. மற்ற அடிகள் ஒழுங்காக விழுந்தன. மண்டை இளநீர் சீவினது போலத் திறந்துகொண்டது. அந்த ராடு வண்டியோடு வந்த ஒரிஜினல். அன்றைக்கும் வளையவில்லை. சீட்டு நல்ல ரெக்சின், துடைத்ததும் போய்விட்டது.

ஆற்றங்கரையில் அவரை எரித்துவிட்டால் திரும்பி வரப் பிணம் இருக்காது. அதனால் திருப்பிக்கொண்டு மலைப்பக்கம் விட்டேன். மலையிலிருந்து மணலூர்பேட்டை, மணலூர்பேட்டையிலிருந்து மலை. ஒவ்வொரு தடவையும் பூமாலையின் மரம்.

"இந்தப் பொணம் காலைல போச்சே?"

"கரையில எரிக்க வுடலீங்க. பங்காளித் தகராறு. மலைக்கே எடுத்துனு போவச் சொல்லிட்டாங்க."

அடுத்த நாள், "மறுக்காவா?" என்றார்.

"இது தம்பிங்க. அண்ணன் போன சேதி கேட்டு இவரும் போய்ட்டாரு."

"அதே சட்ட போட்டுக்கினு கீறாரு?"

"ரெட்டப் புள்ளைங்க."

பூமாலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பாசம் பாரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் புளிசாதமும் கட்டிக் கொடுத்தார்கள்.

உழைப்பு என்றால் என்ன என்று அந்த வாரம்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே சாலை, ஒரே குலுக்கல், ஒரே வெயில். முதலாளி ஊதினார், கருத்தார், கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகினார். கல்லுப்பு வாங்கி மடியில் கொட்டினேன், வேப்பிலை சொருகினேன். ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது காது கழன்று மடியில் விழுந்துவிட்டது. வண்டியிலோ ஒரு நட்டுகூடத் தளரவில்லை. நாற்பத்தாறு வயசு மனிதரையும் இருபத்து மூன்று வயசு வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைக் காயலாங்கடைக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள்.

பெட்ரோல் தீர்ந்தது. பங்குகள் மூடிக் கிடந்தன. மலையில் சடையன் என்று ஒரு ஆள், ஆடு மேய்ப்பவர், லாரி டியூபில் சாராயம் வைத்திருந்தார். டேங்கில் ஊற்றச் சொன்னேன். வண்டி அதைக் குடித்துவிட்டு வளைவுகளில் தானாகவே ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறியது. கரடி ஒன்று வழியிலிருந்து எழுந்து சலாம் வைத்துவிட்டுப் போனது. இரண்டாம் தடவை ஊற்ற வந்தபோது சடையன் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். மாலையை விலக்கினார்.

"நெஞ்சடப்புன்னியே சாமி. மண்ட ஒடஞ்சிருக்குதே."

"பள்ளத்துல இடிச்சிருக்கும்."

"செத்ததுக்கப்பறம் இடிச்சா ரத்தம் இப்டி ஓடாதே. எத்தினி ஆடு அறுத்திருக்கேன், எனக்கா தெரியாது? இத கீழ போயி சொல்லணும் சாமி."

"சொல்லலாம். டேங்க் மூடிய சரியாப் போட்டியா, பாரு."

அவர் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அவருக்குப் பின்னால் பாறை. ரிவர்ஸ் போட்டேன். அந்தக் காலத்து பம்பர் கெட்டி இரும்பு. இடுப்பைப் பாறையோடு வைத்து அழுத்தியபோது மரம் பிளப்பது போல ஒலித்தது. அவர் டிக்கி மேல் இரண்டு கையாலும் அறைந்தார். வண்டியை அறைவது எனக்குப் பிடிக்காது. இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன், அறைவது நின்றது. இறங்கிப் பார்த்தபோது வாயிலிருந்து ரத்தம் நம்பர் பிளேட் மேல் வழிந்துகொண்டிருந்தது. நம்பர் தெரியாமல் ஓட்டுவது சட்டப்படி தப்பு, அதனால் துடைத்தேன்.

அவரையும் முதலாளி பக்கத்தில் உட்கார வைத்து மாலை போட்டேன். மரத்துக்கு வந்ததும் பூமாலை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டா?"

"அண்ணந்தம்பிங்க. நான் சொன்னேனே."

"கோச்சுக்காதய்யா. நீ பொய் சொல்றேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. முன்பு பொய்யாக இருந்ததை நான் என் கையாலேயே உண்மையாக்கியிருந்தேன்.

மறியல் முடிந்ததும் இருவரையும் அந்த வளைவில் புதைத்தேன். பக்கத்தில் பக்கத்தில். ஜலீல் பாய் வந்தார். சாவியைத் திருப்பினேன், வண்டி முதல் தொடுதலிலேயே எழுந்தது. விற்கிறேன் என்றவர் இல்லாததால் பாய் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அது நிற்கவில்லை.

ஐயா, நான் கொலைகாரன் இல்லை. டிரைவர். அந்தச் சாலையில் மரம் கிடந்திருக்காவிட்டால் முதலாளி மேல் என் சுண்டுவிரல்கூடப் பட்டிருக்காது. பிணம் இல்லாமல் வழி விட்டிருந்தால் அவர் இன்றைக்கும் சைலன்சர் பேரம் பேசிக்கொண்டிருப்பார். சடையனும் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். சூழ்நிலை என்ற ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

தேதி வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளட்டும்: இரண்டு பேரும் செத்தது எண்பத்தேழாம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள். மறியல் முடிந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. சாலையில் ஒரு மரமும் கிடக்கவில்லை.