நாற்பத்தோராம் வரி

அறுபத்தொரு மணி நேரம் எங்கள் மருத்துவமனையின் சர்வர் முகம் தெரியாத ஒருவர் கையில் இருந்தது. கேபிளைப் பிடுங்கி அதை மீட்டு, இன்று பணி ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய மேடம் அவர்களே! இருபத்தேழு ஆண்டுகள் இந்தக் கணினிப் பிரிவின் வாசலில் நின்று, வருவதையெல்லாம் நிறுத்தி விசாரித்த எங்கள் சுங்கச்சாவடியே! அந்தப் பட்டப்பெயரை இதுவரை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னோம். இன்று முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்கிறோம்.

வெளியார் எழுதிய பிளகின், அதாவது நம் மென்பொருளோடு ஒட்டவைக்கும் துணை நிரல், எதுவானாலும் அதோடு ஒரு ஸ்கிரிப்ட், ஒரு கட்டளைப் பட்டியல், வரும். நிறுவும்போதே அது தானாக ஓடும். நமக்குள்ள அதிகாரம் அத்தனையும் அந்த நேரத்தில் அதற்கும் உண்டு. அதனால் நீங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். ஒருவர் அந்த ஸ்கிரிப்டை வரி வரியாக உரக்கப் படிக்க வேண்டும்; நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். "கண்ணு தாவிடும்மா. வாய்விட்டுப் படிச்சா தாவாது" என்பீர்கள். கேட்டு முடித்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவீர்கள். அதில் கேட்டவருக்கு ஒரு கட்டம் உண்டு. படித்தவருக்கு இல்லை.

பாடம் ஒப்பிப்பதாக நாங்கள் சிரித்தோம். ஒருமுறை எழுத்துரு பிளகின் ஒன்று கடவுச்சொல் கோப்பைத் திறக்கப் பார்த்தது. "எழுத்து அழகா தெரியறதுக்கு இவனுக்கு எதுக்கு நம்ம வீட்டுச் சாவி?" என்று தூக்கி எறிந்தீர்கள். அன்றும் யாரும் நன்றி சொல்லவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. நோயாளிகள் நேரம் குறித்துக்கொள்ள ஒரு நாள்காட்டி பிளகின். மேலாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். "ஒரு காலண்டர் போடறதுக்குக் கல்யாணமா பண்றீங்க?" படித்தவருக்குக் காது சிவந்தது. நாற்பத்தோராம் வரி, அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாகத் திரையில் அரைப் பக்கம் நீண்டு கிடந்தது. அதை வாய்விட்டுப் படித்தால் மேலாளர் இன்னும் கேலி செய்வார். படித்தவர் நாற்பத்திரண்டுக்குப் போனார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

கையெழுத்திட்டீர்கள். அந்தக் குப்பைக்குள் ஒளிந்திருந்த கட்டளை நாலாயிரம் பேரின் பரிசோதனை முடிவுகளை வெளியே அனுப்பியது. திங்கள் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வந்து கண்டுபிடித்ததும் நீங்கள்தான்.

"யார் படிச்சது?" என்று விசாரணைக் குழு கேட்டது. பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது எதுக்குங்க? கேட்டது நான். கையெழுத்து என்னோடது" என்றீர்கள். 'கேட்டும் கவனிக்கத் தவறியவர்' என்று அறிக்கையில் எழுதினார்கள். உங்கள் இருபத்தேழு ஆண்டுகளும் அந்த மூன்று சொல்லுக்குள் போய்விட்டன. சற்று முன் உங்களைக் 'கடமையின் கருவூலம், கண்ணியத்தின் காவலர்' என்று மேலாளர் புகழ்ந்தார். அந்த அறிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுங்கள், மேடம்! இனி தூங்குவதற்காக மட்டும் கண்ணை மூடுங்கள்.

இந்தத் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கப்போகிறது. வருகிறவர்கள் படிப்பார்கள். இதிலும் ஒரு வரி விடுபடக் கூடாது.

கணினிப் பிரிவின் பதின்மூன்று பேர் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதினான்காவது கட்டம் படிப்பவருக்கு. பதிவேட்டில் இல்லாத அந்தக் கட்டத்தை இங்கே நானே கோடு போட்டு வரைந்தேன்.

இன்று இதைப் படிப்பது நான். அன்று படித்ததும் நான்தான், மேடம். நாற்பத்தோராம் வரியை நான் படிக்கவில்லை.