சாவி இல்லாத சக்

இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, கிர்ருனு ஓடிக் கடைசில டக்குனு நின்னுச்சே, அதை இன்னொரு தடவை சுத்துங்க அண்ணே. உங்க கடைப் படியேறும்போதே காதுல விழுந்துச்சு. உள்ள இருட்டு, உங்க தலையே தெரியல, ஆனா யாரோ நல்ல ட்ரில் சக் ஒண்ணை வச்சு சுத்திக்கிட்டு இருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. மட்டமானது இப்படி ஓடாது. கரகரன்னு மணலை மென்னுக்கிட்டே ஓடும்.

கரண்டு எப்ப போச்சு? சரி, வரட்டும். எனக்கு அவசரமில்ல. நைட் ஷிஃப்ட்டுக்காரனுக்குப் பகல் பூரா தூங்குறது ஒண்ணுதான் வேலை, அதுவும் கொஞ்ச நாளா வர்றதில்ல. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. என்னது, பழைய ட்ரில் பிட்டா? எல்லாம் கலந்துல்ல கெடக்கு. குடுங்க, ஒரு கை நானும் பிரிக்கிறேன். கை சும்மா இருந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். சைஸ் அழிஞ்சிருந்தாப் பரவால்ல, விரல்லயே தெரியும். இது ஏழு. இது ஏழரை. சந்தேகம்னா அந்த ஓட்டைத் தகட்டுல விட்டுப் பாத்துக்குங்க. பாத்தாச்சா? அதான்.

மில்லிங் மிஷினுக்கு அண்ணே. செங்குத்து மிஷின், நம்ம வயசு இருக்கும் அதுக்கு. பதிமூணு எம்எம் வரைக்கும் புடிச்சாப் போதும். விலை மட்டும் ரொம்ப ஏறக் கூடாது. கம்பெனி வாங்கல, நான் வாங்குறேன். ஆமா, கம்பெனி மிஷினுக்குத்தான், என் கைக்காசுல. சிரிங்க, பரவால்ல, என் வீட்டுக்காரியும் சிரிச்சா. சக்குன்னா என்னன்னு கேட்டா. மிஷினோட வாய்னு சொன்னேன். உள்ள மூணு பல்லு இருக்கும், ட்ரில்லைக் கவ்விப் புடிச்சுக்கும், பக்கத்துல இருக்கிற ஓட்டைல சாவியச் சொருகித் திருகினா வாய் இறுகிக்கும்னேன். அப்படியே உங்க வாய்க்கும் ஒரு சாவி இருந்தாக் கேட்டு வாங்கிட்டு வாங்கன்னா. நான் தூக்கத்துல பொலம்புறேனாம்.

இல்ல, இது வேணாம். நல்ல சக்குதான், நான் குறை சொல்லல. சாவி வச்சதுக்குப் புடிமானம் ஜாஸ்தி, விலையும் பாதி, எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருஷமா அதுலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். யாரும் சொல்லிக் குடுக்கல, ராத்திரில பக்கத்துல ஆள் இருக்க மாட்டாங்க, புத்தகத்தப் பாத்து நானாக் கத்துக்கிட்டது. ஆனாலும் வேணாம். கையாலயே திருகி இறுக்குறது இருக்குல்ல, சாவியே இல்லாதது, அதைக் காட்டுங்க. ஏன்னா... சாவி அடிக்கடி தொலையுது அண்ணே. அதான்.

டப்பா நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்துல புடிங்க, சக்கோட வாய மூடுறேன். மூணு பல்லும் நுனில ஒண்ணாச் சேரணும். இங்க பாருங்க, ரெண்டு சேந்துடுச்சு, ஒண்ணு மட்டும் குரூப் ஃபோட்டோல கோச்சுக்கிட்டு நிக்கிறவன் மாதிரி தள்ளி நிக்குது. இத மாட்டினா ஓட்டை எங்க வட்டமா வரும். அடுத்ததக் குடுங்க. இது உடம்பே ஆடுது, கேக்குதா, லொடலொடன்னு. புதுசுலயே இப்படின்னா ஆறு மாசத்துல கையோட வந்துடும்.

நீங்க சுத்திக்கிட்டு இருந்தது எங்க? இதானே. பழசு. பழசுன்னா என்ன, எங்கேயோ நல்ல கையில இருந்திருக்கு. பல்லு நுனி கொஞ்சம் தேஞ்சிருக்கு, ரெண்டு எம்எம்முக்குக் கீழ புடிக்காது. அவ்வளவு சின்னது எங்க கிட்ட வர்றதில்ல. கரண்டு வந்ததும் உங்க மிஷின்ல மாட்டி, கையாலயே இறுக்கி, இரும்புத் துண்டுல பெரிய ஓட்டையா ஒண்ணு போட்டுப் பாத்துடுவோம். நடுவுல வழுக்குதா, நிறுத்தும்போது தளருதான்னு அப்பத்தான் தெரியும். தாங்கிடுச்சுன்னா இதான். அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.

யாருக்காக வாங்குறேனா? மச்சினனுக்கு. வீட்டுக்காரியோட தம்பி, எங்க கூடத்தான் இருக்கான். எனக்கும் அவனுக்கும் ஒரே மிஷின். நான் ராத்திரி, அவன் பகல். கம்பெனில அவன் பேரு அஞ்சு நிமிஷம். தெனமும் அஞ்சு நிமிஷம் லேட்டா வருவான், எதைக் கேட்டாலும் இந்தா அஞ்சு நிமிஷம்பான். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவாரு. ஆனா வேலைக்காரன். ட்ரில் நுனியப் புள்ளில எறக்குவான் பாருங்க, பூ வைக்கிற மாதிரி. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது வரல.

ஒரு கண்ணு போயிடுச்சு. இடது. நாலு மாசமாச்சு. சாவிய சக்குலயே விட்டுட்டு சுவிட்சைப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்களும் ஒண்ணு ரெண்டு பாத்திருப்பீங்க. பல பேருக்கு அது சுவத்துல போய் அடிக்கும், அந்தப் பக்கம் நாலு பேரு கத்துவாங்க, அதோட போச்சு. அவனுக்கு மூஞ்சில அடிச்சுது.

இப்ப மிஷினுக்கு மேல முதலாளி ஒரு போர்டு மாட்டியிருக்காரு, சாவியை எடுத்தாயான்னு. அதுக்குக் கீழ எவனோ சாக்பீஸ்ல அஞ்சு நிமிஷம்னு எழுதி வச்சிருக்கான். வெளையாட்டுக்குத்தான். ராத்திரி எட்டு மணி நேரம் நான் அதைப் படிச்சுக்கிட்டே நிக்கிறேன். அழிக்கலாம், ஒரு துணிதான். அழிச்சா ஏன் அழிச்சேன்னு கேப்பாங்க.

அதென்ன, ஸ்பிரிங் வச்ச சாவியா? கையை விட்டா தானா வெளிய துள்ளிடும். இது இருக்குன்னு தெரியும் அண்ணே. அப்பவே தெரியும். இப்ப அது உதவாது, வச்சுக்குங்க.

ஒத்தைக் கண்ணுக்கு எது எவ்வளவு தள்ளி இருக்குன்னு சட்டுனு புடிபடாதாம். போகப்போகப் பழகிடும்கிறாரு டாக்டர். இப்போதைக்குத் தண்ணிய டம்ளருக்கு இந்தப் பக்கம் ஊத்துறான். அவங்க அக்கா துடைச்சுக்கிட்டே திட்டுவா. மூணு வேளையும் சொட்டு மருந்து விடும்போதும் திட்டுவா. அப்படி என்னடா மறதி உனக்கு, ஒரு சாவிய எடுக்கத் தோணலையான்னு. இவன் மல்லாந்து படுத்துக்கிட்டு, விடுக்கா, என் தப்புதான்பான். நான் தூங்குறேன்னு ரெண்டு பேரும் மெதுவாத்தான் பேசுவாங்க. நடுவுல இருக்கிறது பலகைத் தடுப்பு. எல்லாம் கேக்கும்.

போன வாரம் மத்தியானம் எழுந்து பின்பக்கம் போறேன், படியில உக்காந்து ஒரு ஒடஞ்ச சக்கை மடில வச்சுக்கிட்டு சாவியச் சொருகிப் பழகிக்கிட்டு இருக்கான். நாலு தடவைக்கு ஒரு தடவைதான் ஓட்டைல விழுது. மத்ததெல்லாம் பக்கத்துல இடிச்சு வழுக்குது. அப்புறம் ஒரு விரலால ஓட்டையத் தடவிப் புடிச்சுக்கிட்டு, அந்த விரல் மேலயே சாவியக் கொண்டு வர்றான். கணுவெல்லாம் கீறல். நான் அவனுக்கு இடது பக்கம் நின்னேன், அதனால தெரியல. அப்படியே திரும்பி வந்து படுத்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி நானும் கைக்குட்டையால இடது கண்ணைக் கட்டிக்கிட்டு மிஷின்ல நின்னேன். பைத்தியம்னு நெனைக்காதீங்க. முப்பது ஓட்டை போட்டேன். மிஷின்ல அளவு இருக்கு, கைப்பிடிய எண்ணித் திருப்பினா மேஜை தானா அந்த இடத்துக்கு வந்து நிக்குது, முப்பதும் சரியா வந்துச்சு. சாவி ஒண்ணுதான் போக மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் குருடன் மாதிரி தடவ வேண்டியிருக்கு.

திங்கக்கிழமை வேலைக்கு வர்றான். ஒரு வாரம் பாப்போம், மிஷின்ல நிக்க முடிஞ்சா நிக்கட்டும், இல்லன்னா பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டட்டும்னுட்டாரு முதலாளி. கெட்ட மனுஷன் இல்ல. ஆனா காலைல அத்தனை பேரும் வேடிக்கை பாக்க நிப்பாங்க. அவங்க முன்னாடி இவன் சாவிய எடுத்து, இங்க இடிச்சு அங்க இடிச்சு... அவ்வளவுதான், அன்னைக்கே பேக்கிங். புள்ளில பூ வைக்கிறவன் பசை டப்பாவோட உக்காந்துடுவான்.

அவனையே கூட்டிட்டு வந்திருக்கலாம்தான். அவன் கைக்கு எது தோதுன்னு அவனே பாத்திருப்பான். நீங்க சொல்றது நியாயம். ஆனா நானும் அவனும் சாவியப் பத்திப் பேசுறதில்ல. இந்த நாலு மாசத்துல ஒரு வார்த்தை கிடையாது. மழை பேசுவோம், பஸ்ஸு பேசுவோம், அவங்க அக்காவோட சமையலைக் கிண்டல் பண்ணுவோம். அந்தப் பேச்சு வந்தா ரெண்டு பேருக்கும் வேற எங்கேயோ வேலை வந்துடும்.

எங்க கம்பெனில ஒரு பழக்கம் அண்ணே. ஷிஃப்ட் மாறும்போது போறவன் சாவிய வர்றவன் கையில குடுக்கணும். மிஷின் மேல வைக்கக் கூடாது, மேஜைல வைக்கக் கூடாது. கையில. வாங்குறவன் வாங்கிட்டேன்னு வாய்விட்டுச் சொல்லணும். யாரு ஆரம்பிச்சாங்களோ, நான் சேரும்போதே இருந்துச்சு. வாங்கிட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் அவன் பொறுப்பு. அதனால ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, சாவி உன் கைக்கு வந்துச்சான்னு. மூஞ்சி பாதிக்குக் கட்டு. நான் கட்டில் கால் பக்கம் நிக்கிறேன். மாமா கையிலதான் குடுத்தாரு, வாங்கிட்டேன்னு சொன்னேன், நான்தான் ட்ரில்லை மாட்டிட்டு சாவிய எடுக்க மறந்துட்டேன்னான். முதலாளி எழுதிக்கிட்டாரு.

அன்னைக்கும் அவன் லேட்டுதான். வந்ததும் வராததுமா திட்டு வாங்க வேணாம், முதல் ஓட்டைய உடனே ஆரம்பிக்கட்டும்னு, அவனுக்கு வேண்டிய ட்ரில்லை நானே மாட்டி இறுக்கி வச்சேன். மணி அடிச்சுது, கை கழுவப் போயிட்டேன். சாவி சக்குலயே அந்தப் பக்கமாத் திரும்பி நின்னிருக்கு, முன்னாடி நிக்கிறவனுக்குத் தெரியாது. ஓடி வந்தவன் பாத்தா ட்ரில்லு தயாரா இருக்கு. சுவிட்சைப் போட்டுட்டான். நான் குழாயைத் தொறந்து விட்டிருந்தேன், சத்தம் கூட சரியாக் கேக்கல.

ஆமா அண்ணே. குடுக்கல. அவன் எங்கிட்ட எதையும் வாங்கல.

ஏன் அப்படிச் சொன்னான்னு நான் கேட்டதில்ல. ரெண்டு பேரும் வேலைய விட்டு வெளிய வந்துட்டா அவங்க அக்கா என்ன பண்ணுவான்னு நெனச்சிருப்பான். இல்ல, அப்படி நெனச்சான்னு நான் நெனச்சுக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. இன்னைக்குக் காலைலயும் திட்டிக்கிட்டேதான் மருந்து விட்டா.

திங்கக்கிழமை விடியுறதுக்குள்ள இந்த சக்கை மாட்டி வச்சுடுவேன். குடுக்குறதுக்கு எங்கிட்ட சாவி இருக்காது. அவன் கையை நீட்டுவான், பழக்கம்ல. அப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. நேத்துலேர்ந்து யோசிக்கிறேன்.

கரண்டு இன்னும் வரலையே. பரவால்ல, இருக்கேன். பேச்சுல பிரிக்கிறத நிறுத்திட்டேன் பாருங்க. அந்தத் தட்டை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க. இது எட்டரை, எட்டோட கெடக்குது. இது ஒம்பது. இது... இதுவும் ஒம்பதுதான்.