மருந்து படாத குடலும் மின்னியது

மேடையை அலங்கரிக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, அம்மையார் இருந்தவரை எட்டிப்பார்க்காமல் இன்று மாலையோடு வந்திருக்கும் பெரியோர்களே, ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

நம் 'சந்தேக அம்மா' போய்விட்டார். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் பலர் இங்கே கைக்குட்டையோடு இருக்கிறீர்கள்! உங்கள் கண்ணீர்மேலும் எனக்குச் சந்தேகம்தான். அவரிடம் தொற்றிய பழக்கம்.

குடலின் உட்சுவரில் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் செல்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. உள்ளே வரும் நுண்ணுயிர்கள்மேல் புரதத்தைப் பூசி, சுவரில் ஒட்டவிடாமல் தள்ளிவைக்கின்றன. எடுத்தவுடன் யாரையும் கொல்வதில்லை. எடுத்தவுடன் யாரையும் நம்புவதுமில்லை. ஆயுள் முழுக்க அம்மையார் அவற்றைப் பார்த்தார். அவற்றைப் போலவே வாழ்ந்தார்.

வரவேற்பறையில் இயக்குநரின் புகழ்பெற்ற படம் மாட்டியிருக்கிறதே, பார்த்தீர்களா? புதிய மருந்து புண்பட்ட குடலில் சேர்ந்து பச்சையாக மின்னுகிறதாம். அந்த மருந்தும் மனித எதிர்ப்புப் புரதம்தான். அதைக் காட்ட ஊற்றிய சாயமோ, எந்த மனித எதிர்ப்புப் புரதத்தைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும். இயக்குநர் அந்தப் படத்தை முதன்முதலில் காட்டி அரங்கமே கைதட்டியபோது, அம்மையார் மட்டும் கேள்வி கேட்க எழுந்தார்.

"சார், மருந்தே வாங்காதவங்க குடல்ல இதே சாயத்தை ஊத்திப் பாத்தீங்களா?"

"ஏம்மா, முட்டுக்கட்டை போடுறதே உங்க வேலையா?"

"முட்டுக்கட்டை போடல சார். ஒரு ஸ்லைடு போடச் சொல்றேன்."

யாரும் போடவில்லை. அவரே போட்டார். நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளினார். "மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சிட்டுப் பாருப்பா. அப்புறம் அழுக்குன்னு சொல்லிடுவே."

மருந்து ஒரு சொட்டும் படாத குடல், அதே பச்சையில் மின்னியது! மின்னியது மருந்தல்ல, குடலின் சொந்தப் புரதம்.

அதைச் சொன்னதும் அவர் அறை மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவர் பக்கம் நின்ற எனக்கு வரவேண்டிய பதவி யாருக்குப் போனது என்பதை இங்கே பேச மாட்டேன். இரண்டாம் வரிசையில் பூங்கொத்தோடுதான் இருக்கிறார்.

அம்மையாருக்கு நல்ல நாற்காலி ஒன்று தராத நிர்வாகம், இன்று ஒரு கூடத்துக்கே அவர் பெயரை வைக்கிறது. ஏன் திடீரென்று இவ்வளவு அன்பு? சற்றுமுன் இயக்குநர் உருக்கமாக அறிவித்தாரே, கவனித்தீர்களா? கூடத்துக்கு இடம் வேண்டுமாம். அம்மையாரின் ஃப்ரீசரை நாளை அப்புறப்படுத்துவார்களாம். மருந்து வாங்காதவர்களின் குடல் துணுக்குகள் அதில்தான் இருக்கின்றன. அவை கெட்டால் சோதித்துக்காட்ட ஒன்றுமில்லை. நோயாளிகளுக்கோ அந்த மருந்து ஏறிக்கொண்டே இருக்கும். இது தற்செயலா, சபையோரே?

கூட்டம் தொடங்குமுன் அம்மையாரின் கணவர் என் கையில் ஒரு சாவியை வைத்தார்.

"ஃப்ரீசர் பூட்டு அவ வாங்கிப் போட்டது, தம்பி. சாவிய உங்ககிட்டதான் குடுக்கணும்னா. 'அவனுக்கு ஒருத்தரையும் பிடிக்காது, அதனால ஒருத்தர்கிட்டயும் குடுக்க மாட்டான்'னு சொன்னா."

இந்த நிறுவனத்தில் என்னைப் பற்றி யாரேனும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அம்மையாரின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி கூறுகிறேன். மௌன அஞ்சலி முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் போய் அந்த ஃப்ரீசர் முன் உட்காரப்போகிறேன். இயக்குநர் அவர்களே, நீங்களும் வாருங்கள். துணுக்கை நீங்களே எடுங்கள். சாயத்தையும் நீங்களே ஊற்றுங்கள்.

மூக்குக்கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு வாருங்கள்.