‘வெட்கத்துடன்’ என்று எழுதிய கைக்கு

சரக்கு நிலையத்தின் சலியாத செயல்திறனே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்பதிவு மேசையில் வீற்றிருந்த தலைமை எழுத்தரே! சுமை தூக்குவோர் அன்போடும் அதிகாரிகள் கொஞ்சம் அச்சத்தோடும் ‘தராசக்கா’ என்றழைத்த எங்கள் அக்காவே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வை வாழ்த்தத்தான் கூடினோம்; ஆயினும் வயிறு எரிகிறது, மறைப்பானேன்? நீங்கள் பொறுப்பேற்ற காலத்தில் அன்றாடம் நாற்பது வேகன்கள் நிரம்பிய இந்நிலையத்தில், இன்று நான்கு நிரம்பினாலே அதிசயம். உழைப்பு குறைந்ததாலா? இல்லவே இல்லை! சரக்கு ரயில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதைக் கட்டணம் உண்டு. காலியாகத் திரும்பினாலும் உண்டு. அளவுக்கு மீறி ஏற்றிய லாரியோ, புறவழிச்சாலையின் ஒற்றைச் சுங்கச்சாவடியில் சில்லறையை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. தண்டவாளம் தேய்ந்தால் செலவு சரக்குக் கட்டணத்தில். தார்ச்சாலை பெயர்ந்தால் ஊரார் வரியில்! நம் வாசல் சாலையை இரண்டே ஆண்டில் மூன்று முறை கொத்திப் போட்டதை ஜன்னல் வழியே பார்த்தவர்கள்தானே நாம்.

சிமென்ட் ஆலை மேலாளர் தலைகுனிந்து வந்து, “ரயில் மேல கோபமில்லக்கா, கட்டுப்படியாகல, லாரிக்கு மாறுறோம்” என்றபோது நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. “ஒருத்தன் முதுகுல மூட்டையக் கட்டிட்டு, இன்னொருத்தன வெறுங்கையோட ஓடவிட்டா யாரு ஜெயிப்பா? உங்களச் சொல்லி என்ன பண்றது?” என்று தேநீர் கொடுத்து அனுப்பினீர்கள். அன்று மாலையே இந்தப் பாதைக் கட்டணம் பற்றித் தலைமையகத்துக்குப் பத்தொன்பதாவது கடிதம் எழுதினீர்கள். பதில்தான் வரவே இல்லை. லாரிக்காரர்களோடு உங்களுக்குப் பகையும் இல்லை. லாரி ஓட்டும் உங்கள் உடன்பிறந்த தம்பியே இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அவர் லாரியில்தானே போன மாதம் வந்திறங்கியது அந்த அவமானம்! நம் இரண்டாம் தடத்தைப் பழுதுபார்க்க, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளை நம் தலைமையகமே சாலை வழியே அனுப்பியது. அதுதான் மலிவாம்! ரசீதில் நீங்கள் எழுதினீர்கள்: ‘வெட்கத்துடன் பெற்றுக்கொண்டேன்.’ பத்தொன்பது கடிதங்களுக்கு வாய் திறவாதவர்கள், அந்த ஒரு சொல்லுக்கு மூன்றே நாளில் மெமோ அனுப்பினார்கள்! சொல்லை அடிக்காவிட்டால் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறும் என்றார்கள். “அடிச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். ஏறட்டும்” என்றீர்கள். ஏற்றிவிட்டார்கள், மாசு மருவற்ற ஏட்டின் கடைசிப் பக்கத்தில்! எங்களுக்குப் பொறுக்கவில்லை அக்கா.

முழங்கால் வலி நீங்கி, நிறைந்த தூக்கமும் நீண்ட ஆயுளும் பெற்று, நெஞ்சம் நிமிர்ந்தபடியே நெடுங்காலம் வாழ்க! உங்கள் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லையாம். நாளைக் காலை அடுத்த லோடு கட்டைகள் வருகின்றன. ரசீதில் யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதுமாம். உங்கள் சொல்லை முதலில் எழுதி, அதன் கீழே பதினொருவரும் கையெழுத்திடுவோம்.

வெட்கத்துடனும் பெருமையுடனும்,
சரக்கு நிலைய ஊழியர்கள் பதினொருவர்