நம்ம பங்குக் கண்ணாடி

— செருப்பை வெளியவே விட்டுட்டு வாடா, தூசி வந்துடும். ஏர்போர்ட்லேர்ந்து நேரா இங்கதான் வர்றியா?

— ஆமாக்கா. அந்தப் பாலிஷ் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன்.

— பாதியில நிறுத்தினா கண்ணாடியில தடம் விழுந்துடும். காது கேக்குது, சும்மா சொல்லு. கூட்டம் என்னாச்சு?

— நம்ம நாடு வெளிய வந்தாச்சு.

— எதுலேர்ந்து?

— நீ கண்ணாடி தேய்ச்சுக்கிட்டிருக்கியே, அந்த டெலஸ்கோப்லேர்ந்துதான். ஆறு நாடு சேர்ந்து கட்டறதா இருந்துச்சு. இனிமே அதுல நாம இல்ல.

— என்னது?

— அக்கா, மெஷினை ஏன் நிறுத்திட்ட? தடம் விழும்னியே?

— விழட்டும். போடா, விளையாடாத.

— விளையாடல. வருஷக்கணக்கா நம்ம பங்குப் பணம் போகல. மந்திரியும் ஒரேயடியா கையை விரிச்சிட்டார். இதுக்கு மேல பொறுக்க முடியாதுன்னு ஓட்டுக்கு விட்டுட்டாங்க.

— நம்ம பிரதிநிதின்னு நீ ஒருத்தன் போனியே, வாயை மூடிக்கிட்டா உக்காந்திருந்த?

— பேசினேன்க்கா. தொண்டை வறளப் பேசினேன்.

— எந்தப் பாவிடா முதல்ல கையைத் தூக்கினான்? அந்தத் தாடிக்காரன்தானே? இங்க வந்து இந்தக் கண்ணாடியை அப்படிப் புகழ்ந்தான். நம்ம வீட்ல சாப்பிட்டுட்டு வேற போனான்.

— அவர் இல்ல. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

— பின்ன யாரு?

— நான்.

— என்னடா சொல்ற?

— திட்டிடுக்கா. அப்படிப் பாக்காத.

— நீயாடா? நம்ம நாட்டை நீயே வெளிய தள்ளினியா?

— நாம உள்ள இருக்கிற வரைக்கும் நம்ம இடத்துக்கு வேற நாடு வர முடியாது. அதான் விதி. மலை மேல அஸ்திவாரம் போட்டு அப்படியே கிடக்குது. நாம நகர்ந்தா, காத்துக்கிட்டிருக்கிற நாடு உள்ள வரும், வேலை ஓடும். நகரலேன்னா யாருக்குமே டெலஸ்கோப் கிடையாது. எனக்கு வேற வழி தெரியலக்கா.

— என் கண்ணாடி?

— இதுவரைக்கும் நீ செஞ்சதை எடுத்துக்குவாங்க. மிச்சத்தை அங்கயே செஞ்சுக்குவாங்க.

— என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்க? ஒரே ஒரு ராத்திரியாவது அதுல வானத்தைப் பாப்பாங்களா?

— உறுப்பு நாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்.

— பதினாறு வருஷம்டா. உன் கல்யாணத்துல பாதியில எழுந்து இங்க ஓடி வந்தவ நான். உன் பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்றா.

— தெரியும்க்கா. அதான் சொல்றேன், கேளு. கண்ணாடி வேலைக்குத் தலைமையா அவங்க ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்காங்க. இன்னைக்கே உன் பேரைச் சொல்றேன். நாடு போனா போகட்டும், நீ அங்க போயிடு. அந்த ஒரு தைரியத்துலதான்க்கா கையைத் தூக்கினேன்.

— போன வாரமே அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டாங்கடா, உங்க நாடு வெளிய போனாலும் நீங்க வந்துடுங்கன்னு. என் தம்பி அங்க இருக்கிற வரைக்கும் எங்க நாடு வெளிய வராது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னுட்டேன். பாத்துட்டாங்க.