காத்தோட்டமான நாக்காலி

...நீயே சொல்லு நைனா, இந்த சேர்ல இன்னா கொறை? இல்ல, வாயத் தொறக்காதே, சோப்பு உள்ள பூந்துடும். தலைய ஆட்டு போதும். அய்ய, தலையவும் ஆட்டாதே, கத்தி கழுத்தாண்ட கீது. நானே சொல்லிடறேன். ஒரு கொறையும் இல்ல. அசல் தேக்கு. ரெண்டு பக்கம் கை வெச்சது. முதுகுக்கு பிரம்பு. இந்த தண்டையார்பேட்டை பூரா சுத்திட்டு வா, இப்டி ஒரு சேர் போட்ட சவரக்கடை எங்கனா கீதா?

ஆனா இந்த சந்துக்காரன் ஒருத்தனும் வந்து குந்த மாட்டறான். ரெண்டு மாசமாச்சு. அல்லாரும் என் கடைய தாண்டி, வெயில்ல அரை மைல் நடந்து டோல்கேட்டு சவரக்கடைக்குப் போறானுங்க. அங்க இன்னா கீது? மூட்டப்பூச்சி புடிச்ச ஒரு ஆடற முக்காலி. அதுல குந்தி சொறிஞ்சிகினே செரச்சிகினு வரானுங்க. செவ்வாக்கெழமைக்கு அப்பால நீதான் என் கடைக்கு மொத ஆளு, தெரியுமா? இன்னிக்கு வெள்ளி. இப்டியே போச்சுன்னா கடைய மூடிட்டு ஆர்பர்ல மூட்டை தூக்கத்தான் போவணும். இந்த இடுப்ப வெச்சிகினு நா மூட்டை தூக்கினா, அப்பால மூட்டையோட சேத்து என்னையும் யாராச்சும் தூக்கணும்.

கன்னத்த உப்பு. அப்டித்தான்.

கடையப் பாத்தியே, இதுல ஒரு சாமானும் துட்டு குடுத்து வாங்கினது இல்ல. அந்தக் கண்ணாடி ராயபுரத்து ரயில்காரர் வூட்டு பீரோல இருந்தது. நடுவுல விரிசல் வுட்டுச்சுன்னு தூக்கிப் போட்டாங்க. மூக்கு மட்டும் ரெண்டாத் தெரியும், பயந்துக்காதே. கத்தி தீட்டற வாரு மில்லு மிஷினுக்கு மாட்டற பெல்ட்டு. உன் கழுத்துல கீற துண்டு மைதா மூட்டை. எங்க சந்துல ஒரு வழக்கம் கீது. வூட்ல வேணாங்கற சாமான் எதுவா இருந்தாலும் கொழாயடி பூவரச மரத்துக்குக் கீழ வெச்சிடுவாங்க. வேணுங்கறவன் எடுத்துக்கலாம். ஒடஞ்ச தொட்டிலு, காலில்லாத பெஞ்சு, கிஸ்னாயில் டின்னு, அல்லாமே ஒரு வூட்லேர்ந்து இன்னொரு வூட்டுக்குப் போய்கினே இருக்கும். நல்ல வழக்கம்தான். நா இன்னாத்துக்கு பொய் சொல்லணும்?

அதுல ஒரு சட்டம் போட்டா பாரு பூவம்மா, அங்கதான் பேஜாரு. எதுத்த வூடு. அவ புள்ள குணசேகரனுக்கு பொண்ணு பாக்கப் போனோம், என்னையும் இட்டுகினு போனாங்க. பையன் ஷோக்கா ஒரு கறுப்பு கோட்டு மாட்டிகினு குந்திகினு கீறான். பொண்ணோட அப்பன் தொட்டுப் பாத்து, துணி நல்லா கீதே, எங்க தெச்சதுன்னு கேட்டான். நா சொம்மா இருந்திருக்கலாம். வாய் இருக்குமா? அது என்னோட பழைய கோட்டுதான், மரத்தடில போட்டேன், பையன் எடுத்துகினான், அக்குள்ல எலி கடிச்ச எடத்துல நாந்தான் ஒட்டு போட்டேன்னு சொன்னேன். கைய தூக்கிக் காட்டுடான்னும் சொன்னேன். உள்ளத சொன்னா தப்பா? அந்தப் பொண்ணு வூட்ல காபி கூட குடுக்காம அனுப்பிட்டாங்க.

மறுநாளு பூவம்மா கொழாயடில அல்லாரையும் கூட்டி வெச்சி, இனிமே மரத்தடி சாமான் யாருது, எங்கேர்ந்து வந்துச்சு, எதுக்கு இருந்துச்சுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சூடத்துல அடிச்சி சத்தியம் வாங்கிட்டா. மீறினா கொழாய்ல தண்ணி கெடையாது. அல்லாரும் என்னையே பாத்துகினு சூடம் அடிச்சாங்க. சரி, போவுது வுடு.

அப்பால ஒரு வாரத்துல இந்த சேர் வந்துச்சு. நம்ம ஜெயவேலு, ஆர்பர் துரை பங்களால தோட்டக்காரன். துரை சீமைக்குப் போனப்ப, வேணாங்கற சாமான வண்டில ஏத்தி கொண்டாந்து மரத்தடில எறக்கினான். ஒருத்தனும் கிட்ட வர்ல. கண்ணு இல்லாத பசங்க. நா ஒரே ஓட்டமா ஓடி இஸ்துகினு வந்துட்டேன். சந்தே நின்னு பாத்துச்சு. அவ்ளோ பொறாமை.

வெள்ளக்காரன் மூளைய பாரு நைனா. செத்த எந்திரி, மேல விரிச்ச இந்த சாக்க தூக்கிக் காட்டறேன். பாத்தியா? குந்தற எடத்துல வட்டமா ஓட்டை. எதுக்கு? காத்தோட்டத்துக்கு. நம்ம ஊரு வெயிலு அவனுக்குத் தாங்காதுல்ல. வேணாம்னா மூடிக்க ஒரு பலகை வேற. குந்து, குந்து. இதோட நிக்கல. ஓட்டைக்கு நேரா கீழ ஒரு தட்டு, அதுல வெச்சாப்ல இந்த எனாமல் சட்டி. வெள்ளை வெளேர்னு, ஓரத்துல நீலக் கோடு, மூடியோட. உன் மூஞ்சில போட்டேனே சோப்பு, இதுல கலக்கினதுதான். அளவு எவ்ளோ தோதா கீது பாரு. ஒரு நாளு கஞ்சிய இதுலயே ஊத்தித் தான்னு எங்கூட்டுக்காரி கெங்கம்மா கைல குடுத்தேன். அந்தச் சட்டி வாசப்படி தாண்டி வந்துச்சுன்னா நா எங்காத்தா வூட்டுக்குப் போய்டுவேன்னு அழுவறா. ஏண்டின்னா, சூடம் அடிச்சிருக்கேன், கேக்காதேங்கறா.

இன்னா நைனா, ஒடம்பு இப்டி வெறச்சிப் போச்சு? பாதி கன்னம்தான் ஆயிருக்கு. ஆமா, கேக்க மறந்துட்டேன், உனக்கு எங்க வேலை? எக்மோரா? பங்களால பட்லரா! அப்ப உனக்கு இந்த சேரோட அருமை தெரியும், அந்தப் பசங்களுக்கு எங்க தெரியப் போவுது.

எந்த ரூம்ல கெடந்துச்சா? குளிக்கிற ரூம்லன்னு அன்னிக்கு வந்த வெளியூர் வண்டிக்காரன் சொன்னான். துரை குந்திகினு குளிப்பான் போல கீது. குளிக்க இல்லியா? பின்ன எதுக்கு?

இன்னாது?

மெல்ல சொல்லு, தெருவுல கேக்கப் போவுது. கக்கூஸா? மெய்யாலுமா? உங்க துரை வூட்லயும் இதே மாதிரியா? அதே நீலக் கோடா?

அய்யய்யோ. ரெண்டு மாசமா இதுல சோப்பு கொழைச்சிகினு கீறேனே. தெனம் பூவம்மா எட்டிப் பாத்துட்டு முந்தானைய வாயில அமுக்கிகினு போவா, பல்லு வலி போலன்னு நெனச்சேன். அல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. எப்டி தொறப்பாங்க? அந்தக் கோட்டப் பத்தி நா வாய மூடிகினு இருந்திருந்தா சட்டமே வந்திருக்காது. என் பொழப்புக்கு நானே வெச்சிகினேன் கொள்ளி.

நைனா, எங்க போறே? நில்லு. துண்ட குடுத்துட்டுப் போ. சரி, துண்டு போனா போவுது, நில்லு. பாதி மூஞ்சோட தெருவுல போவாதே, வேற சோப்பு, வேற தண்ணி, நின்னுகினே செரச்சிக்கலாம். துட்டே வேணாம்பா.

அய்ய, டோல்கேட்டு பக்கம் இல்ல ஓடறான்... யோவ் பட்லரு, ஒரே ஒரு வார்த்தை. மீதி கன்னத்த அந்தக் கடைக்காரங்கிட்ட செரச்சிக்கோ, நா ஒண்ணும் நெனைக்கல. பாதில வுட்டது எவன்டான்னு அவன் கேட்டான்னு வெய்யி, வேணாம்பா, உன் புள்ளகுட்டி நல்லா இருக்கும், என் பேர மட்டும் சொல்லிடாதே.